ஈ.கோலையும் என் கூச்சமும்

1. பத்து விரல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் இரண்டு கைகளையும் லேப் சுவரில் மாட்டிவிட்டார்கள். உடம்பை விட்டுவிட்டார்கள், கைகள் மட்டும்.

அது 2005. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி, நுண்ணுயிரியல் துறை, லேப் அட்டெண்டர் வேலை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு முன்பு பதினைந்து வருஷம் புவனகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கட்டட வேலை செய்தேன். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுப்பது, கலவை போடுவது. முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இந்த வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் கிருமி நீக்குவது, சொன்னதைக் கொண்டுவந்து கொடுப்பது. செங்கலைவிட டெஸ்ட் டியூப் லேசு என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

அன்று சார் என்னிடம் நீளமான வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்து, "இதப் பத்தரமா அந்த டேபிள்ல வெய்யி ஏழுமலை" என்றார். சார் என்றால் துறையில் எங்கள் லேபை நடத்திய பேராசிரியர். பத்திரமாக என்று சொன்னதால் இரண்டு கையாலும் நன்றாக அழுத்திப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். சுருக்கம் இருந்தது போலத் தெரிந்தது. உள்ளங்கையால் நீவியும் விட்டேன்.

மறுநாள் அந்தத் தாளின் மேல் ஒரு மருந்தைப் பீய்ச்சி அடித்து ஓவனில் வைத்து எடுத்தார்கள். வரிசையாகச் சின்னச் சின்ன ஊதாப் புள்ளிகள் வர வேண்டும். வந்தவை என் பத்து விரல்கள். நடுவில் இரண்டு உள்ளங்கை, ரேகையோடு.

சார் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆயுள் ரேகை நல்லா நீளமா இருக்குய்யா. வேலை ரேகைதான் கொஞ்சம் சந்தேகம்."

பிறகு விளக்கினார். அந்த மருந்தின் பெயர் நின்ஹைட்ரின். அமினோ ஆசிட் எங்கே இருந்தாலும் அங்கே ஊதா நிறம் காட்டும். மனிதனின் வேர்வையிலும் அமினோ ஆசிட் உண்டு. நான் நீவியதில் என் வேர்வை தாளில் ஏறிவிட்டது. "இனிமே இடுக்கியால பிடி, இல்ல கிளவுஸ் போடு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை எல்லோருக்கும் எச்சரிக்கையாகச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

அதே மருந்து பாட்டிலைக் கழுவியதில் என் விரல்களும் ஊதாவாகிவிட்டன. சோப்புக்கும் போகவில்லை. வீட்டில் என் மனைவி சாந்தி பார்த்தாள்.

"எலக்சன்கூட இல்லியே, ஏன் கையில மை?"

"லேப் மருந்து."

"பத்து வெரல்லயும் இருக்குது. பத்து ஓட்டா போட்டுட்டு வந்த?"

2. கொட்டிக் கிடக்கும் செங்கல்

நான் பேசுவதில்லை. பேசுவது எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்துக்குள் நுழையவே கால் கூசும். சாந்தியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல நின்றுகொண்டே இருந்தேன். அவள் தம்பி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். இதை அவள் இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்வாள்.

லேப் எனக்குப் பொருத்தமான இடமாக இருந்தது. பாக்டீரியா நம்மிடம் எதுவும் கேட்காது.

2006இல் ஜெசிந்தா மேடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தார். கடலூர்ப் பெண். நான் மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவருக்குச் சார் கொடுத்த தலைப்பு, வளரும் பாக்டீரியாவின் உடம்புக்குள் தனியாக இருக்கும் அமினோ ஆசிட்டுகள் எவ்வளவு என்று அளப்பது. பாக்டீரியாவின் பெயர் ஈ.கோலை. அமினோ ஆசிட்டுகள் கோத்துக்கொண்டால் புரோட்டீன். கோக்காமல் சும்மா இருப்பவைதான் இவர்களுக்கு வேண்டும்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நான் செங்கல் தூக்கியவன் என்று தெரிந்து சார் என் வழியில் சொன்னார்.

"செவுத்துல வெச்சுக் கட்டின செங்கல் ஒரு கணக்கு. வாசல்ல கொட்டிக் கெடக்குதே, அது வேற கணக்கு. நாம எண்ணறது கொட்டிக் கெடக்கறத."

"எண்ணி என்னா சார் பண்றது?"

"கொட்டிக் கெடக்கற செங்கலப் பாத்தே உள்ள வேலை நடக்குதா, நின்னு போச்சான்னு சொல்லிடலாமா இல்லியா?"

சொல்லிவிடலாம். கொத்தனார் வேகமாகக் கட்டினால் குவியல் கரையும். அவர் டீ குடிக்கப் போனால் லாரி மட்டும் வந்து கொட்டிக்கொண்டிருக்கும், குவியல் ஏறும். பதினைந்து வருஷம் அந்தக் குவியலின் பக்கத்திலேயே நின்றவனுக்கு இது தெரியாதா? அன்று முதல் அந்த ஆராய்ச்சி எனக்கும் கொஞ்சம் சொந்தமாகிவிட்டது.

வேலை இப்படி நடக்கும். ஈ.கோலை போட்ட பிளாஸ்க், ஷேக்கரில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடினால்தான் அதற்குக் காற்று கிடைக்கும். அரை மணிக்கு ஒரு தடவை மேடம் அதிலிருந்து ஒரு டியூப் சாம்பிள் எடுப்பார். அதை உடனே மெல்லிய பில்டரில் ஊற்றி, பம்ப் போட்டு நீரை உறிஞ்சி, பில்டரில் தங்கிய பாக்டீரியாவைக் கொதிக்கும் ஆல்கஹாலில் போட வேண்டும். அதோடு அதன் கதை முடிந்தது. உள்ளே இருந்த அமினோ ஆசிட் எல்லாம் ஆல்கஹாலில் இறங்கிவிடும். பிறகு தாளில் ஏற்றிப் பிரித்து, நின்ஹைட்ரின் அடித்து, எந்தப் புள்ளி எவ்வளவு அடர்த்தி என்று அளப்பார்கள்.

"ஐஸ்ல வெச்சு மெதுவா எடுத்துட்டுப் போனா என்னா மேடம்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஐஸ் பட்டா உள்ள இருக்கறது வெளிய கசிஞ்சிடும் அண்ணே. அப்படியே ஓட வேண்டியதுதான்."

ஓடுவது என் வேலை. ஏனென்றால் ஷேக்கர் எங்கள் அறையில் இருந்தது, பம்ப் தாழ்வாரத்தின் மறுகோடியில் எம்.எஸ்சி. மாணவிகளின் பிராக்டிகல் ரூமில் இருந்தது. பம்பை இங்கே கொண்டுவரலாமே என்றால், அது அந்த அறை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ஸ்டாக் ரெஜிஸ்டரிலும் அந்த அறையின் பெயரில்தான் ஏறியிருந்தது. ரெஜிஸ்டரில் ஏறிய பொருளை நகர்த்துவதைவிட கோயில் தேரை நகர்த்துவது எளிது.

மேடம் பிளாஸ்க்கை விட்டு நகர முடியாது. அதனால் டியூபை வாங்கிக்கொண்டு ஓடுவது, பில்டர் பண்ணுவது, ஆல்கஹாலில் போடுவது மூன்றும் நான். சார் என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். கையில் எப்போதும் கிளவுஸ். சுவரில் என் கைகள் தொங்கிக்கொண்டிருக்கும்போது மறக்க முடியுமா?

3. அலனின் ஏறுகிறது

மூன்றாவது வருஷத்தில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோது சிக்கல் தெரிந்தது.

ஒரே பாக்டீரியா, ஒரே உணவு, ஒரே சூடு. ஆனால் ஒரு நாள் ஒரு மாதிரி வரும், இன்னொரு நாள் வேறு மாதிரி வரும். சில நாள் அலனின் என்கிற அமினோ ஆசிட் திடீரென்று ஏறி நிற்கும், குளுட்டமிக் ஆசிட் இறங்கிக் கிடக்கும். மற்ற நாள் இரண்டும் அடக்கமாக இருக்கும். மேடம் தேதியும் அலனின் அளவும் போட்டு ஒரு சார்ட் எழுதி ஒட்டினார். நன்றாக வந்த தேதி பச்சை மை, கெட்டுப்போன தேதி சிவப்பு மை. மாதம் ஏற ஏறச் சிவப்பு ஜாஸ்தியானது.

முதல் சந்தேகம் யார் மேல் விழுந்திருக்கும்? எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"ஏழுமலை, கிளவுஸ் போடறியா?"

"போடறேன் சார்."

"கிளவுஸ் போட்ட கையால மூக்கத் தொடைக்கறியா?"

"இல்ல சார்."

சார் ஒரு சோதனை வைத்தார். டியூபில் பாக்டீரியா இல்லாமல் வெறும் உணவுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, முழு வேலையையும் என்னைச் செய்யச் சொன்னார். தாளில் ஒரு புள்ளிகூட வரவில்லை. துடைத்த தட்டுபோல இருந்தது.

"கை சுத்தம்" என்றார் சார். அன்று சாயங்காலம் சைக்கிளில் புவனகிரி போகும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் எனக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாகவே அடித்ததுபோல இருந்தது.

கை சுத்தம் என்று தெரிந்ததும் மற்றவற்றைச் சந்தேகப்பட்டார்கள். கரண்ட் வோல்டேஜ், ஷேக்கர் பெல்ட், தண்ணீர், புது பாட்டில் ஆல்கஹால். ஒவ்வொன்றையும் மாற்றினார்கள். சிவப்பு போகவில்லை.

ஒரு நாள் சாரின் அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பேசுவது கேட்டது.

"ஒரே எக்ஸ்பெரிமென்ட் ரெண்டு தடவ ஒரே மாதிரி வரலன்னா அத கமிட்டி முன்னால எப்டிம்மா வெக்கறது? வெளியூர்லேர்ந்து எக்ஸ்பர்ட் வராரு. மொதக் கேள்வியே இதத்தான் கேப்பாரு."

"இன்னும் நாலு தடவ பண்ணிப் பாக்கறேன் சார்."

"நாப்பது தடவ பண்ணியாச்சு. கமிட்டிக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. இந்தப் பார்ட்ட எடுத்துட்டு வேற தலைப்புப் பாத்துக்கலாம். புதுசா ஆரம்பி."

"புதுசுன்னா இன்னும் மூணு வருஷம் சார். வீட்ல விடமாட்டாங்க. இந்த வருஷம் முடிச்சிடறேன்னு சொல்லித்தான் இருக்கேன்."

மேடம் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ஈரமா இருக்குதா அண்ணே, வழுக்குமா?" என்று தரையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்.

4. மச்சான் குடித்த டீ

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். என்னை அன்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போன அதே மச்சான், சிப்காட் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். அவனுக்கு என் வேலை எப்போதும் வேடிக்கை.

"இன்னா மாமா, பாக்டீரியாவுக்குச் சத்து ஏறிச்சா?"

"ஒரு நாள் ஏறுது, ஒரு நாள் எறங்குது."

"எங்க பிளான்ட்லயும் போன மாசம் அப்டித்தான். நான்தான் மாட்டிக்கினேன்."

"நீ இன்னா பண்ண?"

"ரியாக்டர்லேர்ந்து சாம்பிள் எடுத்துக்கினு லேபுக்குப் போவணும். வழியில ஒரு டீ. அஞ்சே நிமிஷம் மாமா. லேப்ல இருக்கறவரு பாட்டிலப் பாத்தாரு, என் மூஞ்சியப் பாத்தாரு. 'எங்க நின்ன?'ன்னாரு. எங்கயும் நிக்கல சார்ன்னேன். 'நீ நிக்கலன்னாலும் உள்ள ரியாக்சன் நிக்காதுய்யா, அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும்'ன்னாரு. இப்ப பாட்டில் மேல நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தூக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாந்தி குழம்பு ஊற்ற வந்தவள், "சோத்தப் பெசையாம ஏன் அப்டியே ஒக்காந்துகினு இருக்க?" என்றாள்.

எனக்கு அப்போது பிராக்டிகல் ரூம் வாசல் கண்ணில் வந்து நின்றது.

சொல்கிறேன். அந்த அறையில் ஆள் இல்லாத நாளில் நான் ஓடுவேன், நேரே உள்ளே போவேன், பம்பைப் போடுவேன். மாணவிகள் இருக்கும் நாளில்? அப்போதும் ஓடுவேன். வாசல் வரைக்கும். பெண்பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டோ டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டோ இருக்கும் அறைக்குள் திடுதிப்பென்று எப்படி நுழைவது? கதவுக்கு ஓரமாக, உள்ளே பார்ப்பதுபோலத் தெரியாமல் நிற்பேன். ஒரு தடவை இருமுவேன். யாராவது பார்த்து, "அண்ணே வந்திருக்காங்கடி, வழி விடுங்க" என்று சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டு போவேன். மூன்று நிமிஷம் ஆகும், நாலு நிமிஷமும் ஆகும்.

அது தாமதம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கட்டட வேலையில் நாலு நிமிஷம் என்பது ஒரு பீடி. அதில் எந்தச் சுவர் சாய்ந்துவிடும்?

ஆனால் டியூபுக்குள் இருப்பது உயிர். ஷேக்கரில் ஆடி ஆடிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. என் கையில் ஆடாமல், மூடி போட்டு நிற்கிறது. காற்று தீர்ந்தால் கொத்தனார் வேலையை மாற்றுவார். குவியலும் மாறத்தானே செய்யும்?

5. சாரின் வாசல்

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் சார்ட்டின் எதிரில் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தேதி தெரியும். ஒரு சிவப்பு வெள்ளிக்கிழமையில் விரலை வைத்தேன். அன்று பிராக்டிகல் ரூமில் கவிதா என்கிற மாணவிக்குப் பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். வாசலில் நின்ற எனக்கும் ஒரு துண்டு வந்தது. ஒரு கையில் டியூபைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் கேக்கைத் தின்று, நன்றி சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போனேன். அந்த வெள்ளிக்கிழமைதான் அலனின் சார்ட்டிலேயே உச்சி.

அடுத்த சிவப்பு, வைவா பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த நாள். பச்சை நாட்களில் ஒன்று அவர்கள் டூர் போயிருந்த வாரம். விரல் போகப் போக எனக்கு வியர்த்தது. அந்த நேரத்தில் சார்ட்டின் மேல் நின்ஹைட்ரின் அடித்திருந்தால் மறுபடியும் பத்து விரல் வந்திருக்கும்.

மேடத்தின் மூன்று வருஷத்தைக் கெடுத்தது நான். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் மேடத்தின் படிப்பு போகும். இதில் எதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான்.

சாரின் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே சாரும் மேடமும் இருந்தார்கள். நின்றேன். இருமினேன். அவர்கள் காதில் விழவில்லை.

"அப்ப புதுத் தலைப்புக்கு லெட்டர் எழுதிடலாம்" என்று சார் சொல்வது கேட்டது. பேனா மூடியைத் திறக்கும் சத்தமும் கேட்டது. நான் இன்னும் வாசலில் நிற்கிறேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மறுபடியும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று.

உள்ளே போய்விட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், நான்தான் சார் நிக்கறேன்."

சார் நிமிர்ந்தார். "நிக்கறது தெரியுது. இன்னா வேணும்?"

"இங்க இல்ல சார். அங்க. வாசல்ல."

"எந்த வாசல்ல? மெதுவா சொல்லுய்யா."

சொன்னேன். டூர், வைவா, டிபன் பாக்ஸ், கேக் எல்லாவற்றையும். அதுவரை நாலு வருஷத்தில் அந்த அறையில் நான் பேசிய மொத்தத்தையும்விட அது ஜாஸ்தி. சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நேரம் நிப்ப?"

"ஆளப் பொறுத்து சார்."

"ஆளப் பொறுத்தா?"

"ரெண்டு பேருன்னா ஒரு இருமல்ல உள்ள போயிடுவேன். பத்துப் பேருன்னா அவுங்க சாப்ட்டு முடிக்கற வரைக்கும்."

முதலில் சிரித்தது மேடம். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். பிறகு சாரும் சேர்ந்துகொண்டார். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை, திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கொஞ்சம் அடங்கிய பிறகு சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ சொல்றது நெசமான்னு பாக்கணும் இல்ல? நாளைக்கு நில்லு. ஸ்டாப்வாட்ச் வெச்சு நில்லு."

6. உத்தரவுப்படி நின்றது

வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் கூச்சத்தால் நின்றிருக்கிறேன். உத்தரவு போட்டு, நேரம் குறித்து, பத்துப் பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நின்றது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

ஒரே பிளாஸ்க்கிலிருந்து மேடம் ஒவ்வொரு டியூபாக எடுத்துக் கொடுப்பார். முதல் டியூபோடு நிற்காமல் உள்ளே போக வேண்டும். இரண்டாவதை வாசலில் அரை நிமிஷம் வைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம், இரண்டு, நாலு. கவிதா கையில் ஸ்டாப்வாட்ச். விஷயம் அதற்குள் அறை முழுக்கப் பரவியிருந்தது.

"அண்ணே, இருமக் கூடாது. இருமினா கணக்கு தப்பாயிடும்."

"கேக் வேணுமா அண்ணே? அன்னிக்கு மாதிரியே இருக்கணும் இல்ல?"

"ஏய், சும்மா இருங்கடி, அண்ணன் வெக்கப்படறாங்க. ஐம்பது, ஐம்பத்தொண்ணு..."

நாலு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. டியூபைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கலங்கிய கழுநீர்போல அசையாமல் நின்றது. உள்ளே அது என்ன பாடுபடுகிறதோ என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. கவிதா பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் தாளை ஓவனிலிருந்து எடுத்தார்கள். ஐந்து டியூபுக்கு ஐந்து வரிசை. நிற்காமல் போன டியூபில் அலனின் புள்ளி வெளிறி, ஒரு கடுகுபோல இருந்தது. அரை நிமிஷத்தில் மிளகு. பிறகு வரிசைக்கு வரிசை பெருத்து, நாலு நிமிஷத்தில் நாவல்பழம் நசுங்கியதுபோல இருந்தது. குளுட்டமிக் ஆசிட் அதற்கு நேர் எதிராகச் சுருங்கிக்கொண்டே போனது.

மேடம் தாளை இடுக்கியால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அண்ணே" என்றார்.

சார் சொன்னார்: "பாக்டீரியா ஒழுங்காத்தான் இருந்திருக்கு. நாமதான் கதவத் தெறக்கல."

7. "சாம்பிள்!"

கமிட்டிக்கு முன் ஒழுங்காக நாலு தடவையாவது ரிசல்ட் காட்ட வேண்டும். பம்ப் நகராது, மாணவிகளும் எங்கே போவார்கள்? மாற வேண்டியது நான் ஒருவன்தான்.

சார் வழி சொன்னார். "தாழ்வாரத்துல ஓடி வரும்போதே சத்தமா 'சாம்பிள்'னு கத்து. அவுங்க வழி விடுவாங்க. நீ நிக்காத."

முதல் தடவை ஓடிக்கொண்டே வாயைத் திறந்தேன். "சாம்" வந்தது, "பிள்" தொண்டையிலேயே தங்கிவிட்டது. கவிதா உள்ளேயிருந்து, "யாரோ சாமின்னு கூப்புடறாங்கடி" என்றாள். ஆனால் வழி விட்டார்கள். இரண்டாவது தடவை பாதி வந்தது. மூன்றாவது நாள் நான் கத்திய கத்தலில் பக்கத்துத் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் தீ விபத்து என்று நினைத்து வெளியே ஓடி வந்துவிட்டார்.

சார்ட்டில் பச்சை, பச்சை, பச்சை, பச்சை.

கமிட்டி அன்று எனக்குக் காபி கொடுக்கும் வேலை. மேடம் உள்ளே பேசிக்கொண்டிருந்தார். வெளியூர் எக்ஸ்பர்ட், பெரிய மூக்குக் கண்ணாடி போட்டவர், ஒரு படத்தைச் சுட்டிக் காட்டி ஏதோ இங்கிலீஷில் கேட்டார். மேடம் தமிழிலேயே பதில் சொன்னார்.

"இத நாங்க கண்டுபுடிக்கல சார். எங்க லேப் அட்டெண்டர் அண்ணன் கண்டுபுடிச்சாங்க."

"அப்டியா? அவர் எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் எங்கே இருந்திருப்பேன்? காபித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏழுமலை! காபியில அலனின் ஏறிடப் போவுது, உள்ள வாய்யா!"

போனேன். எக்ஸ்பர்ட் எழுந்து நின்று தன் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். "எத்தன நிமிஷம் நின்னீங்க?" என்று கேட்டார். "இன்னிக்கி ரெண்டுதான் சார்" என்றேன்.

மேடம் அடுத்த வருஷம் தீசிஸ் கொடுத்தார். ஒரு பிரதியை எனக்குக் காட்டி, ஒரு பக்கத்தைத் திறந்தார். ஒரு கிராஃப். கீழே கோட்டில் 0, 0.5, 1, 2, 4 என்று எண்கள். அலனின் கோடு மேலே ஏறுகிறது. "இங்கிலீஷ்ல வேற பேரு போட்டிருக்கேன் அண்ணே. எங்களுக்குள்ள இது ஏழுமலை கிராஃப்" என்றார். ஒரு மனிதனின் கூச்சத்தை நிமிஷக் கணக்கில் அளந்து அச்சடித்து பைண்டு பண்ணியிருப்பது உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். கிளவுஸ் போடச் சொல்லி எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் சாம்பிள் இருக்கும்போது நீங்கள் கூச்சப்படுகிறவரா, தைரியசாலியா என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் வாசலில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது உள்ளே மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கத்துங்கள். முதல் நாள் பாதிதான் வரும், பரவாயில்லை, பாதிக்கே வழி விடுவார்கள்.

போன வாரம் கடலூரில் ஒரு நிச்சயதார்த்தம். வாசலில் ஒரே கூட்டம். சாந்தி என் முழங்கையை இடித்தாள். "இன்னா, இங்கயே நிக்கப் போறியா?"

"சாம்பிள்!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் வழி விட்டார்கள்.